கூரைத் தகரம்

கூரையில்லாத தங்கள் வேதக்கோயிலுக்கென்று பதினோரு குடும்பங்கள் ஆறு வருடம் சேர்த்து வாங்கிய தகரங்களை, புயலில் வீடிழந்த கடற்கரைக் குப்பத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னவள் சொர்ணபாய். சபையில் யாரும் மறுக்கவில்லை. லாரி போன நாளிலிருந்து உபதேசியார் ஞானசிகாமணிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மழை வந்தால் சனங்கள் டவுன் கோயிலுக்குப் போய்விடுவார்களோ? ஞாயிறு ஆராதனையில் வசனத்தை வாசிப்பதும் மேகத்தைப் பார்ப்பதுமாக நின்றார். பாதியில் தூறல் விழுந்தது. சொர்ணபாய் எழுந்தாள். அவர் வாசிப்பை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். அவள் வாசலுக்குப் போகாமல் முன்னால் வந்து, அவர் கையிலிருந்த வேதப்புத்தகத்துக்கு மேல் குடையை விரித்தாள்.

"அங்க பிள்ளைக இப்ப நனையாதுல்லா, ஐயா?" என்று கேட்டாள்.

"நனையாதும்மா" என்றார்.

விட்ட வரி எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. மழை வலுத்தது. யாரும் எழுந்து போகவில்லை.