அடைக்காத பக்கம்

"ஒரு சுவர்தானேடி, வைச்சுப்போட்டு வா" என்று ஜெகதீஸ்வரி மகளின் காதுக்குள் சொன்னாள். காதுக்குள் சொன்னதாக அவள்தான் நினைத்தாள். முன்வரிசை முழுவதற்கும் கேட்டது.

யதுர்ஷிகா அசையவில்லை.

கிளிநொச்சியில் பாடசாலைப் பிள்ளைகளுக்கான கணினிப் போட்டியின் கடைசிச் சுற்று அது. கட்டைகளை அடுக்கி விண்வெளியில் நிலையம் கட்டுகிற விளையாட்டுத்தான் போட்டி. ஓர் அறையையோ நடைபாதையையோ ஒருமுறை கட்டிச் சேமித்துவிட்டால், பிறகு அதே துண்டை எத்தனை தரமும் எடுத்து ஒட்டலாம். அளவு சரியாக இருந்தால் துண்டோடு துண்டு தானாகவே பூட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு நிலையம், கூட்டுச் சேரக் கூடாது. பெயரும் போடக் கூடாது, இலக்கம் மட்டுந்தான். முதற்பரிசு ஒரு மடிக்கணினி.

அதற்காகத்தான் ஜெகதீஸ்வரி வயல் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஜெயபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் மகளைக் கூட்டிவந்திருந்தாள். வரும் வழியிலேயே அதை எந்த மேசையில் வைப்பது, எந்தத் துணியால் மூடுவது என்றெல்லாம் யோசித்து முடித்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை மடிக்கணினி வீட்டுக்கு வந்தாயிற்று.

அப்படி நினைத்ததிலும் பிழையில்லை. திரையில் தெரிந்த யதுர்ஷிகாவின் நிலையத்தைப் பார்த்து நடுவர்களே வாயைப் பிளந்தார்கள். பன்னிரண்டே வகைத் துண்டுகள். அவற்றைத் திருப்பியும் புரட்டியும் ஒட்டி, நூறு பேர் இருக்கக்கூடிய நிலையம் ஒன்றைக் கட்டியிருந்தாள். படுக்கையறைத் துண்டையே கவிழ்த்துத் தோட்டமாக்கியிருந்தாள். ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது. சுவருமில்லை, கதவுமில்லை. உள்ளே இருந்த காற்றெல்லாம் அந்த வழியால் போய், எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

பெரிய நடுவர் நிருஷன் வவுனியாவிலிருந்து வந்த இளம் பொறியியலாளர். நல்ல மனுசன். பிள்ளை மறந்துவிட்டாளாக்கும் என்று நினைத்து, ஒரு சுவர்த் துண்டை எடுத்து ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் தந்தார். ஒட்டினால் முதலிடம், ஒட்டாவிட்டால் பூச்சியம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"மறக்கேல்லை சேர்" என்றாள் யதுர்ஷிகா. "அந்தப் பக்கத்தை நான் அடைக்க மாட்டன்."

ஜெகதீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சில வருடமாகவே இவள் இப்படித்தான். வீட்டில் எதைச் சொன்னாலும் முகத்தை நீட்டிக்கொண்டு எதிர்த்துக் கதைப்பாள். அந்தக் குணத்தை இங்கேயும் கொண்டுவந்து காட்ட வேண்டுமா? மகளின் கையைப் பிடித்து இழுத்து, அடைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டாள்.

"அடைச்சவைக்கு ஒண்டும் கெட்டுப்போகாது அம்மா. உள்ளுக்கு இருக்கிறவைக்குத்தான்."

காற்றெல்லாம் வெளியே ஓடிக்கொண்டிருக்க இவள் சொல்லுகிற ஞாயத்தைப் பார் என்று ஜெகதீஸ்வரி பல்லைக் கடித்தாள். பின்வரிசைப் பக்கம் திரும்பவே அவளுக்கு மனம் வரவில்லை. ஊர்ச் சனமும் அங்கே இருந்தது. ஒரு கிழமைக்குக் கதைக்க அவர்களுக்கு இது காணும்.

பொறுக்க முடியாமல் எழுந்து நடுவரிடமே போனாள். "தம்பி, வீடெண்டா நாலு பக்கமும் அடைப்பு வேணும். படிக்காத எனக்கே அது தெரியும். நீங்களே அதை வைச்சு விடுங்கோ."

தான் கைவைக்க விதியில் இடமில்லை என்று நிருஷன் சிரித்தார். பிறகு யதுர்ஷிகாவிடம், காலையில் மற்ற அறையில் பார்த்த ஒன்பதாம் இலக்கமும் இப்படித்தான் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, அடைக்கவே மாட்டேன் என்று நின்று பூச்சியம் வாங்கியதாகச் சொன்னார். இது என்ன புதுப் பழக்கம் என்று அவருக்கு விளங்கவில்லை.

"இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு, தங்கச்சி. ஒரு சுவருக்காக லப்டொப்பை விடப்போறீங்களோ?"

"விடுறன் சேர்." அவள் தலை குனியவில்லை. "அடைச்சு எடுக்கிற பரிசு எனக்கு வேண்டாம். பூச்சியத்தைப் போடுங்கோ. போட்டிட்டு, அந்த ஒன்பதாம் இலக்கத்தைத் திறந்து இதுக்குப் பக்கத்தில ஒருக்கா வைச்சுப் பாருங்கோ."

ஜெகதீஸ்வரி தலையில் கைவைத்தாள். மடிக்கணினியும் போயிற்று, மானமும் போயிற்று. வீட்டுக்கு வா, பார்த்துக்கொள்கிறேன் என்று மகளை முறைத்தாள். அப்போதுதான் கவனித்தாள், யதுர்ஷிகா இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டு நின்றது நடுவரையல்ல, தன்னைத்தான்.

நிருஷன் பூச்சியத்தைப் போட்டார். ஆனாலும் ஆவல் அவரை விடவில்லை. ஒன்பதாம் இலக்கத்தைத் திறந்து, மெல்ல இழுத்துவந்து பக்கத்தில் வைத்தார். திறந்த பக்கமும் திறந்த பக்கமும் நெருங்கின. ஒரு கட்டை மிஞ்சவில்லை, ஒரு கட்டை குறையவில்லை. இரண்டும் தாமாகவே பூட்டிக்கொண்டன. சிவப்பு விளக்கு அணைந்து, இரண்டு நிலையங்களுக்குள்ளும் காற்று ஓடத் தொடங்கியது.

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. யார் அந்த ஒன்பதாம் இலக்கம் என்று நிருஷன் ஒலிவாங்கியில் கேட்டார்.

பின்வரிசையிலிருந்து பிரஷாந்தினி எழுந்தாள். ஜெகதீஸ்வரியின் கூடப்பிறந்த தங்கை கமலாசனியின் மகள், அடுத்த வீட்டு வளவுக்காரி. இந்த இரண்டு பிள்ளைகளும் விடிந்தால் பொழுதுபட்டால் நுழைந்து போய்வந்த வேலிப் பொட்டை, அந்தச் சின்னத் திறப்பை, நாலு வருடத்துக்கு முன்னர், இனி ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கக் கூடாது என்று தகரம் வைத்து அறைந்து அடைத்தவள் ஜெகதீஸ்வரிதான்.