ராக்கெட்டில் போனவன்

மூன்று வருடம் காப்பித் தோட்டத்தில் கிடந்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பிய அருணகிரி, பையிலிருந்து இரண்டு நாவல்களை எடுத்து வாசல் வெயிலில் வைக்கிறான். மனைவி பச்சையம்மா புளியைக் கல்லில் தட்டிக் கொட்டை எடுத்தபடியே, "இன்னா புஸ்தகம்?" என்கிறாள். "இது மந்திரக் கதை. செத்தவன் எழுந்து வர்றான். சுத்தப் பொய்யி. இன்னொண்ணு நெசம். ராக்கெட்ல போனவன் ஒரே வருசத்துல திரும்புறான். இங்க நூறு வருசம் ஓடிப்போச்சி. அவன யாருக்கும் தெர்ல." "ராக்கெட்ல போறதா நெசம்?" "போறத வுடு. திரும்பி வர்றது." தட்டுகிற சத்தம் நின்றுபோகிறது. உள்ளேயிருந்து ஐந்து வயது மகள், விருந்தாளிகளுக்கான பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, எட்ட நின்றபடி அவன்முன் வைக்கிறாள். "எந்த ஊருங்க?" என்று கேட்கிறாள்.