தெருமுனைப் பள்ளம்

"மண்ணு லாரிக்குச் சொல்லிட்டேன் அத்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இன்னைக்குச் சாயங்காலமே பள்ளத்தை மூடிடலாம்."

மச்சினன் இப்படி வந்து நின்றதும், பாத்திரக்கடைக்காரர் ஏற்கெனவே துடைத்து முடித்த குக்கரை இன்னொரு முறை துடைத்தார்.

மச்சினனுக்கு அதே தெருவில் மரச்சாமான் கடை. கட்டிலையும் பீரோவையும் மெயின் ரோட்டிலிருந்து ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு வயிற்றெரிச்சல்.

பள்ளம் வந்து நாலு மாதமாகிறது. பாதாளச் சாக்கடைக் குழாயை மாற்றப்போகிறோம் என்று தெருமுனையை அடைத்து, ஆளுயரத்துக்கு மேல் தகரத் தடுப்பு எழுப்பினார்கள். ஓரத்தில் ஆள் நடக்கவும் தள்ளுவண்டி போகவும் மட்டும் வழி. தெருவின் மறுமுனை படிக்கட்டில் முடிவதால் மற்ற வண்டிகளுக்குப் போக்கிடமே இல்லை. காலையில் இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு உள்ளே போவார்கள். டங் டங்கென்று சத்தம் கேட்கும். மாலையில் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வேலை மட்டும் முடிந்தபாடில்லை.

"அந்தம்மா வேணும்னேதான் இழுத்தடிக்குது. போன வருஷம் நாம விரட்டினோம்ல, அந்தக் கோபம்" என்றான் மச்சினன்.

அவன் சொன்னது, இந்தப் பள்ள வேலையை நடத்தும் நகரமைப்பு அதிகாரியை. போன வருடம் அவர் இந்தத் தெருவுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். நகரம் கக்குகிற புகையைக் குறைக்க வேண்டும், முதல் காரியமாக இங்கே வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தெருவை விட்டுவிடலாம், இரண்டு பக்கமும் மரம் நடலாம் என்று வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். கடைக்காரர் சங்கத் தலைவர் என்ற முறையில் பாத்திரக்கடைக்காரர்தான் எழுந்து, "மரம் வந்து குக்கர் வாங்குமாம்மா?" என்று கேட்டார். கூட்டம் நடந்த மண்டபமே சிரித்தது. அதிகாரி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார். திட்டமும் அதோடு சுருண்டது.

பள்ளம் வந்த புதிதில் கடை ஈயடித்தது உண்மை. பாத்திரக்கடைக்காரர் அதிகாரியின் அறைக்கே போய், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தார். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிறவர்கள், ஹாரனுக்குப் பயந்து ஒதுங்கி ஓட வேண்டியதில்லை என்றதும் நடையைக் குறைத்தார்கள். நின்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஒரு கரண்டியாவது வாங்காமல் போகவில்லை. காலையில் துடைத்த பாத்திரத்தில் மாலைக்குள் கரி படிவது நின்றது. மச்சினனின் பிள்ளைகளே நடுத்தெருவில் பந்தாடினார்கள். அவருடைய மனைவி பொழுது சாய்ந்ததும் கடை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஊர்க்கதை பேசினாள்.

இதை எல்லாம் அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால், அன்று கேட்ட மரத்துக் கேள்வியை ஊரே அவரிடம் திருப்பிக் கேட்கும். தலைவர் பேச்சை மாற்றிவிட்டார் என்று சங்கம் சிரிக்கும். பள்ளத்தை மூடிவிட்டால் மறுபடி கடைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான் என்று மனைவி ஒருநாள் முணுமுணுத்தபோதும், காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

"லாரி வரட்டும். நான் ஆபீஸ் வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். நாளைக்கு நம்ம மேல தப்பு வரக்கூடாது பாரு" என்று மச்சினனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அதிகாரியின் எதிரில் உட்கார்ந்ததும், வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு மறந்துபோயிற்று. எங்கள் ஆட்கள் மண்ணைக் கொட்டி மூடப்போகிறார்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு, "உங்களால தடுக்க முடியாதாம்மா?" என்றார். கேட்டது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "தடுக்கணுமா சார்?"

பாத்திரக்கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என் சம்சாரம் வாசல்ல உக்காந்து பழகிட்டா. அதான்."

அதிகாரி இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். வைத்த கையைச் சட்டென்று எடுக்கவில்லை.

"நீங்க மட்டும் உள்ள போய்ப் பாருங்க சார். பாத்துட்டு, கொட்டறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நீங்க கொட்டச் சொன்னா எனக்கு இந்த வேலை இருக்காது. இருந்தாலும் சொல்றேன், போய்ப் பாருங்க."

ரொம்ப ஆழமாகத் தோண்டிவிட்டு மூடத் தெரியாமல் முழிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவர் திரும்பினார்.

தெருமுனையில் லாரி தயாராக நின்றது. மச்சினனும் சங்கத்து ஆட்களும் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள். யாரும் கிட்டே வரவேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, அவர் பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்து தகரக் கதவைச் சாத்திக்கொண்டார்.

லாரிக்காரர் எஞ்சினைக் கிளப்பினார்.

"எத்தனை லோடு வேணும் அத்தான்?" என்று மச்சினன் வெளியிலிருந்து குரல் கொடுத்தான்.



"பத்து லோடு கொட்டினாலும் நெறையாது மாப்ள. லாரியத் திருப்பி அனுப்பிடு" என்றார் பாத்திரக்கடைக்காரர், ஒரு கீறல்கூட விழாத தார்ச்சாலையின் நடுவில் நின்றுகொண்டு.