லைனைக் கட் பண்ணக் கூடாது

"முகத்தைத் திருப்பாதீங்க. ரெண்டு கையும் மேசைமேல இருக்கணும்," என்றார் அதிகாரி.

பிரேக் மாஸ்டர் கைகளை மேசைமேல் வைத்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயத்தில் தானே முந்திக்கொண்டு பிரேக்கை மிதிப்பதால் அந்தப் பட்டப்பெயர். காலையிலிருந்து தண்ணீர்கூட அனுமதி கேட்டுத்தான் குடித்தார், அதுவும் சொந்தப் படுக்கையறையில்.

எதிரே சாய்த்து வைத்திருந்த செல்போனில் சீருடையும், பின்சுவரில் பெரிய முத்திரையும் தெரிந்தன.

"உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருந்திருக்கு. அந்தக் கும்பல் இப்ப உங்க நம்பரையே திருடப் பாக்குது. லைனைக் கட் பண்ணக் கூடாது. பண்ணா அஞ்சே நிமிஷத்துல வாசல்ல ஜீப் நிக்கும்."

கதவருகே முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி கிசுகிசுத்தாள். "ஏங்க, போன்லயா கைது பண்ணுவாங்க?"

மாஸ்டர் கண்ணாலேயே அவளை அடக்கினார்.

"யாரது?" என்று அதட்டினார் அதிகாரி.

"வீட்டுக்காரி சார். ஒண்ணும் தெரியாதவ."

"நான் மருந்துக் கடைக்குப் போயிட்டு வரேன்," என்றாள் அவள். பீரோவைத் திறந்து எதையோ துழாவிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மருந்துச் சீட்டு கட்டில்மேலேயே கிடந்தது.

அவளுடைய முட்டி ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம் மொத்தமும் வங்கியில் இருந்தது. அதை அரசாங்கத்தின் பாதுகாப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டால் கும்பல் தொட முடியாது, விசாரணை முடிந்ததும் திரும்பி வந்துவிடும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அது கைவிட்டுப் போனால் அவள் ஆயுசுக்கும் நொண்டித்தான் நடக்க வேண்டும்.

அதிகாரி சொன்ன கணக்கு எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினார். இரண்டு முறை தப்பாகிப்போனது. அதிகாரி எரிந்து விழுந்தார்.

"சரி, இப்ப ஒரு ஓடிபி வரும். அதைப் படிச்சுச் சொல்லுங்க."

ஓடிபி வரவில்லை. அதிகாரி வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோனார். அடுத்த நொடி அவரும் காணோம், சிக்னலும் காணோம்.

போனை அணைத்துப் போட்டார், ஜன்னலுக்கு வெளியே நீட்டினார், உதறியும் பார்த்தார். ம்ஹூம். அதிகாரி சொன்னது அப்படியே நடந்துவிட்டது!

செருப்புகூடப் போடாமல் தெருமுனை செல்போன் கடைக்கு ஓடினார். வழியில் ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஜீப் எதுவும் வரவில்லை.

கடைப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "இந்த நம்பரை இப்பதான் வேற சிம்முக்கு மாத்தியிருக்கு சார். உங்க பழைய சிம் இனிமே வேலை செய்யாது."

"யாரைக் கேட்டும்மா மாத்தினீங்க? எவன் வந்து கேட்டாலும் தூக்கிக் குடுத்துடுவீங்களா?"

"அப்படியெல்லாம் குடுக்க மாட்டோம் சார். நம்பர் யார் பேர்ல இருக்கோ, அவங்களே அடையாள அட்டையோட நேர்ல வரணும். வந்தாங்க, குடுத்தோம்."

"அது என் நம்பரும்மா! பன்னிரண்டு வருஷமா நான்தான் வெச்சிருக்கேன்!"

"வெச்சிருக்கிறது நீங்கதான். ஆனா வாங்கும்போது யாரோட அட்டையைக் குடுத்தீங்களோ, அவங்க பேர்லதான் சார் இருக்கும்."

சொல்லிவிட்டு அந்தப் பெண் அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். மாஸ்டர் திரும்பினார். வாசலோர நாற்காலியில் அவர் மனைவி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். அரக்கப்பரக்க நுழைந்தவர் அவளைக் கவனிக்கவே இல்லை.

"போச்சுடி! உன் ஆபரேஷன் பணம் போச்சு! நம்பரைத் திருடிட்டானுங்க!" அவர் அழுதேவிட்டார்.

அவள் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நான்தாங்க திருடினேன், உங்க போலீஸ்காரன் முந்திக்கிறதுக்குள்ள."