பூஜ்யத்தில் நின்ற ஊசி

அண்ணனின் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் தங்கை. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கட்டு. பாய்லர் வெடித்ததும் உள்ளே பாய்ந்து, பாய்லர் ஆபரேட்டரான அவள் கணவனை வாசல்வரை இழுத்து வந்த கையாம் அது. உயிர்தான் மிஞ்சவில்லை.

"நீயாச்சும் போனியேண்ணா!"

"அழாதம்மா. மச்சான் மேல பழி விழ விடமாட்டேன்" என்றான் அண்ணன். அந்தத் தொழிற்சாலைக்கு அவன்தான் சூப்பர்வைசர்.

ஆபரேட்டர் தூங்கிவிட்டான், ஆவி அழுத்தம் எகிறிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? அவசர ஆர்டர் என்று அண்ணன் விரட்டி விரட்டி ஓட்டவைத்த பாய்லர். கரண்ட் போன பிறகு வெடித்ததால் கம்ப்யூட்டரிலும் எதுவும் பதிவாகவில்லை.

அண்ணனும் தங்கையும் பார்த்திருக்க, விசாரணை அதிகாரி பாய்லர் சுவரில் கரியைத் துடைத்தார். சட்டைப் பித்தான் அளவில் ஒரு சென்சார். ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. ஆவி அழுத்தினால் தகடு வளைந்து ஊசி நகரும், அவ்வளவுதான்.

ஊசி பூஜ்யத்தில் நின்றது.

"பாத்தீங்களா சார்! அழுத்தம் ஏறவே இல்ல. மச்சான் மேல தப்பில்ல. பழைய இரும்பு, விட்டுப்போச்சு."

அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"எவ்வளவு அழுத்தத்துல ஓட்டச் சொன்னீங்க?" என்றார் அதிகாரி.

"எப்பவும்போல பத்துலதான் சார்."

"அப்ப பத்துலயாவது நிக்கணுமே! இந்த ஊசி ஏறினா ஏறினதுதான், தானா இறங்காது. உச்சம் எவ்வளவுன்னு காட்டத்தான் இதை வெக்கிறதே." ஓரத்திலிருந்த மிளகளவு திருகைப் பிடித்துக் காட்டினார். "இதை இப்படித் திருப்பினாத்தான் பூஜ்யத்துக்கு வரும். வெடிச்ச கையோட யாரோ திருப்பியிருக்காங்க. கொதிக்கிற இரும்பு, தோல் உரிஞ்சிருக்குமே!"

அதிகாரியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திருகின் மேல் குவிந்திருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள் தங்கை. திரும்பி அண்ணனின் கைகளைப் பார்த்தாள். அந்த இரண்டு விரல்களைத் தவிர வேறெங்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை.

"அவரை ரெண்டே விரலாலயாண்ணா இழுத்துட்டு வந்தே?"