டிரைவர் தேவை

கீச்சென்று கத்தி, கரகரவென்று இருமி, கடைசியில் 'டொய்ங்' என்று அடங்கும் ஒரு சத்தம். டெலிபோன் வழியாக இணையம் வந்த காலத்து மோடத்தின் சத்தம். தம்பியின் அறையில் அது கேட்டுவிட்டால், இனிச் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டான் என்று அக்காவுக்குத் தெரியும்.

இப்போதும் கூப்பிட்டால் வருவதில்லை. ஆனால் அறையில் சத்தமே இல்லை.

கம்பெனியில் ஆள் குறைத்தபோது அவன் வேலை போயிற்று. அக்காதான் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். வேறு வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னால், "போட்டு?" என்கிறான். அந்த ஒரு சொல்லுக்கு அப்புறம் அவளுக்கு வீட்டில் எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை தன் லேப்டாப்பைக் கொண்டுபோய் அவன் கட்டிலில் வைத்தாள்.

"கடையில வைஃபை கார்டு மாத்தினேன்டா. அதிலேர்ந்து நெட் வரலை. என்னன்னு பாரு."

"மாத்தினவன்கிட்டயே குடுக்கா."

"இதுல விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுக் குடுத்தது நீதானே? நீயே பாரு."

வேண்டாவெறுப்பாகத் திறந்து பார்த்தான். "எந்த மடையன் இந்தக் கார்டைப் போட்டது? லினக்ஸ்ல இதை ஓட்டுற புரோகிராம், டிரைவரே கிடையாது. டிரைவர் இல்லாம கார்டு வெறும் தகடு. வேற வாங்கிப் போடு."

"அதெல்லாம் முடியாது. டிரைவரைத் தேடு."

காபி கொண்டுபோகும்போது கேட்டாள், "கிடைச்சுதா?" துணி மடிக்கும்போது கேட்டாள், "கிடைச்சுதா?"

"உயிரை வாங்காதேக்கா!"

கணவருக்கே பொறுக்கவில்லை. "அவனே நொந்துபோய்க் கிடக்கான். கடையில அரைமணி நேரத்து வேலை. அவனைப் போட்டு ஏன் இப்படிப் பிடுங்கி எடுக்கிற? கொஞ்சமாவது இரக்கம் வேண்டாமா?"

"எனக்கு என் வேலை ஆகணும்" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

போனில் இறக்கி முதலில் போட்ட டிரைவரில் திரை அப்படியே உறைந்துபோயிற்று. அடுத்ததில் கார்டு தெரிந்தது, நெட் வரவில்லை. தம்பி எழுந்தான், உட்கார்ந்தான், ஜன்னலைத் திறந்தான். தன் போனில் பழைய நண்பனைக் கூப்பிட்டு, வாசலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்தபடி கத்தினான். "ஊரெல்லாம் தேடிட்டேன்டா, ஒரு டிரைவர்கூடக் கிடைக்கலை!"

மாடிவீட்டு அம்மா இறங்கி வந்தார்.

"டிரைவர் கிடைக்கலைன்னா சொல்லக் கூடாதா தம்பி? என் ஓரகத்தி பையன் சும்மாத்தான் இருக்கான். வரச் சொல்லட்டுமா?"

தம்பி அவரையே பார்த்தான். "லினக்ஸ் ஓட்டுவானா?"

"எந்த வண்டியா இருந்தா என்ன? தங்கமா ஓட்டுவான். குடிப்பழக்கம் கிடையாது."

தம்பி சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது, அடியில் பாத்திரமே இல்லை.

அன்றைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தவன், பழைய லினக்ஸுக்கென்று யாரோ எழுதிப் பாதியில் கைவிட்ட டிரைவர் ஒன்றைக் கண்டுபிடித்தான். அதைப் பிரித்துப் போட்டு, ஓடாத இடங்களையெல்லாம் திருத்தி எழுதினான். எழுதி முடிக்கிறவரை அக்கா, "கிடைச்சுதா?" என்று கேட்பதை விடவில்லை.

"வந்துருச்சுக்கா!"

மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அதை இணையத்தில் போட்டான். அதே கார்டோடு மல்லாடிக்கொண்டிருந்த ஒருவர் நன்றி சொல்லி எழுதினார். இன்னும் சில கேள்விகள் கேட்டார். பிறகு, எங்கள் கம்பெனிக்கு வர முடியுமா என்று கேட்டார். தம்பி பெட்டியைக் கட்டினான்.

சில மாதம் கழித்து லேப்டாப்பில் ஒரு எழுத்து அமுங்காமல் போக, கணவர் அதைக் கடைக்கு எடுத்துப் போனார். மூடியைக் கழற்றிய கடைக்காரர் நிமிர்ந்தார்.

"இந்தக் கார்டு இன்னும் உள்ளேதான் இருக்கா சார்?"

"நல்லா வேலை செய்யுதே. என் மச்சான் டிரைவர் எழுதிப் போட்டான். முன்னாடி இருந்த கார்டு கெட்டுப்போச்சாமே?"

"யார் சொன்னது? அது நல்லாத்தான் சார் இருந்துச்சு. அம்மாதான் கழட்டச் சொன்னாங்க. லினக்ஸ்ல ஓடுற கார்டு கேட்டுத்தான் எல்லாரும் வருவாங்க. ஓடவே ஓடாத கார்டு குடுங்கன்னு கேட்டது அம்மா ஒருத்தங்கதான்."

கணவர் அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தம்பி அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறான்.