அணைக்கப் போனேன்

எழுதும் அறையில் என் மனைவி சுகந்தா மறுபடியும் சிரித்தாள். தனியாக உட்கார்ந்து தொடர்கதை எழுதுகிறவளுக்கு அப்படி என்ன சிரிப்பு?

"யாரு கூடப் பேச்சு?" வெங்காயம் உரித்துக்கொண்டே கத்தினேன்.

"நம்ம உதவியாளர்தானுங்க. கதைக்கு யோசனை சொல்லுது."

எல்லார் வீட்டு எழுத்துச் செயலியிலும் இருக்கிற அதே செயற்கை நுண்ணறிவு உதவியாளர்தான். என்னுடையது, "இந்த வாக்கியத்தைச் சுருக்கலாமா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுடையது கனத்த ஆண் குரலில், "சாப்பிட்டாச்சா?" என்று விசாரிக்கிறது. முன்பெல்லாம் அவள் எழுதியதை முதலில் படிப்பவன் நான். இப்போது அச்சில் வந்த பிறகுதான் என் கண்ணில் படுகிறது.

"அதை அணைச்சுத் தொலையேன்."

"மெஷின் மேலயாங்க பொறாமை?" என்று அதற்கும் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அவளுடைய கணினியைத் திறந்தேன். அமைப்புகளுக்குள் நுழைந்து, எங்கோ மூலையில் ஒளித்து வைத்திருந்த அணைக்கும் பொத்தானைக் கண்டுபிடித்தேன். அதன் கீழே எழுதியிருந்தது:

"உதவியாளரைச் சென்ற ஆண்டே அணைத்துவிட்டீர்கள். மீண்டும் இயக்கவா?"

எந்த மெஷினைத் தொலைத்துக்கட்ட வந்தேனோ, அவளோடு பேசியது அதுவாகவே இருந்துவிடட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு, 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

"வணக்கம்," என்றது ஒரு பெண் குரல். "உங்கள் பெயரைத் தெரிந்துகொள்ளலாமா?"